நான்காமவரின் கணக்கு

கல்லூரி வகுப்பில் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நடத்துகையில், முன்னுண்டது செரித்தபின் உண்பதைப் பற்றிய குறள்களிலேயே மணி அடித்துவிடுவது வழக்கம். அதிகாரத்தின் இறுதியில் நிற்கும் 950ஆம் குறளுக்கு ஐந்து நிமிடம் மிஞ்சினால் அதிகம். மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கும் குறள் அது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றுக்குப் பிறகு நான்காவதாக ஒருவரை வள்ளுவர் நிறுத்துகிறார். அவருக்கு உழைச்செல்வான் என்று பெயர். 'உழை' என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து மருந்தைப் பக்குவப்படுத்திக் கொடுப்பவர். இன்று நாம் செவிலியர் என்று எழுதுகிறோம். நோயாளிகள் 'சிஸ்டர்' என்று அழைக்கிறார்கள்.

பரிமேலழகர் இந்த நான்கையும் மேலும் நான்கு நான்காகப் பகுத்து உரை செய்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் விதிக்கும் இலக்கணங்கள் நான்கு: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் திறம், அறிவு. பதினாறு கூறுகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். அங்கே குணங்கள் இருக்கின்றன, எண்ணிக்கை இல்லை. எத்தனை நோயாளிகளுக்கு ஓர் உழைச்செல்வான் என்ற கேள்வி உரையாசிரியருக்கு எழவில்லை. அவர் மனக்கண்ணில் இருந்தது ஒரு வீடு, ஒரு படுக்கை, அதன் அருகே ஒருவர் என்றே தோன்றுகிறது. அவர் காலத்துக்கு அது போதும்.

நம் காலத்தின் உழைச்செல்வான் ஐந்தாறு படுக்கைகளுக்கு நடுவே நிற்கிறார். அவரிடமும் நாம் அதே நான்கு குணங்களைத்தான் கேட்கிறோம். எண்ணிக்கையைப் பற்றி மட்டும் இன்னும் பேச மறுக்கிறோம். இந்தக் கட்டுரையின் வழக்கு இதுதான். வழக்கை நடத்த நாம் தேர்ந்துகொள்ளும் இடம் டயாலிசிஸ் மையம்.

*

ஏன் டயாலிசிஸ் மையம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மருத்துவமனையின் வேறு எந்தப் பகுதியிலும் நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவு இத்தனை நீண்டதாக இருப்பதில்லை என்பது ஒரு காரணம். அறுவை சிகிச்சைக்கு வருபவர் பத்து நாளில் வீடு திரும்புவார். சிறுநீரகம் செயலிழந்தவர், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலன்றி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம், வாழ்நாள் முழுதும் அதே நாற்காலிக்கு வந்தாக வேண்டும். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். நான்கு மணிநேரமும் உடனிருப்பவர் செவிலியரும் டெக்னீஷியனும்தான்.

இரண்டாவது காரணம் சற்று அச்சமூட்டுவது. இந்த நான்கு மணிநேரமும் மனித ரத்தம் உடலுக்கு வெளியே ஓடுகிறது. கையில் அறுவை செய்து தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் இரண்டு தடித்த ஊசிகள் செருகப்படுகின்றன. ஒன்றன் வழியே ரத்தம் வெளியேறி, டயலைசர் எனப்படும் செயற்கைச் சிறுநீரகத்துக்குள் புகுந்து, சுத்தமாகி, மற்றொன்றன் வழியே திரும்புகிறது. நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் என்ற அளவில் ரத்தம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். திரும்பும் வழியின் ஊசி நழுவி விழுந்தால், யாரும் கவனிக்காத ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் போய்விடும். வளர்ந்த மனித உடலில் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர். இயந்திரத்தின் அழுத்த எச்சரிக்கை ஊசி நழுவியதை எப்போதும் கண்டுபிடித்துவிடும் என்று சொல்லவும் முடியாது. போர்வைக்கு அடியில் கை மறைந்திருந்தால் தரையில் ரத்தம் சொட்டும்வரை தெரியாது. ஆகவேதான் ஊசி குத்திய கை எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் யாருடைய கண்ணில்? அந்தக் கண் அந்த நேரத்தில் எத்தனை கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

*

இந்தியாவில் இந்த நோயின் கணக்கு அரசுக்குத் தெரியாததல்ல. 2016ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையை அளித்த அருண் ஜெட்லி, ஆண்டுதோறும் புதிதாக 2.2 லட்சம் பேர் இறுதிநிலைச் சிறுநீரக நோயாளிகளாகச் சேர்கிறார்கள் என்றும், அதனால் கூடுதலாக 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் தேவைப்படுகின்றன என்றும் நாடாளுமன்றத்தில் சொன்னார். நாட்டில் அப்போது இருந்த ஏறத்தாழ 4,950 மையங்கள் தேவையில் பாதியைத்தான் நிறைவேற்றின என்பதும் அந்த உரையிலேயே இருந்தது. மாவட்ட மருத்துவமனைகளில், அரசும் தனியாரும் இணைந்து டயாலிசிஸ் வழங்கும் தேசியத் திட்டம் அதையொட்டி அறிவிக்கப்பட்டது. டயாலிசிஸ் கருவிகளின் சில பாகங்களுக்குச் சுங்கவரியிலிருந்து விலக்கும் தரப்பட்டது. நல்ல திட்டம்தான், நாம் அதைக் குறை சொல்லவில்லை. மாதந்தோறும் கடன் வாங்கி டயாலிசிஸ் செய்துகொண்ட குடும்பங்கள் எத்தனையோ அதனால் மூச்சுவிட்டன. தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதே நன்மையைச் செய்துவருகிறது.

எனினும் அந்தப் பெருக்கல் கணக்கை ஒரு படி மேலே கொண்டுபோய்ப் பார்க்கலாம். 2.2 லட்சத்தை, வாரம் மூன்று முறை என்ற கணக்கில் ஆண்டுக்கு 156ஆல் பெருக்கினால் 3.4 கோடி வருகிறது. இதுவரை அரசு பெருக்கியிருக்கிறது. ஒரு செவிலியர் ஒரு ஷிஃப்டில் மூன்று பேரைப் பார்க்கிறார், ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால் அவரால் 900 அமர்வுகளைக் கவனிக்க முடியும். 3.4 கோடியை 900ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38 ஆயிரம் வருகிறது. ஓர் ஆண்டின் புதிய நோயாளிகளுக்கு மட்டும் 38 ஆயிரம் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும் என்று பொருள். ஒருவருக்கு ஆறு பேர் என்று வைத்தால் 19 ஆயிரம் போதும். நாற்காலி அப்படியே இருக்கும், இயந்திரம் அப்படியே இருக்கும், அமர்வுகளின் எண்ணிக்கையும் அறிக்கையில் அப்படியே இருக்கும். மீதமுள்ள 19 ஆயிரம் பேரின் வேலை, இருக்கிற 19 ஆயிரம் பேரின் உடம்பில் ஏறியிருக்கும். எந்தப் பேரேட்டிலும் இந்தப் பாரம் செலவாகப் பதிவாவதில்லை.

*

பாரம் என்று பொதுப்படச் சொன்னால் அது வெறும் சொல்லாகப் போய்விடும். ஒரு ஷிஃப்டைக் கணக்கிட்டுப் பார்ப்பதே நேர்மை. ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகள் என்று கொள்வோம். காலை ஆறரை மணிக்கு முதல் நோயாளி எடை பார்க்கும் மேடையில் ஏறுகிறார். போன முறைக்குப் பிறகு எத்தனை கிலோ நீர் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சுத்திணறல் விசாரிக்க வேண்டும். ஃபிஸ்டுலாவில் விரல்வைத்து அதிர்வை உணர வேண்டும். தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையைச் சுத்தப்படுத்தி, இரண்டு ஊசிகளைச் செருகி, குழாய்களை இணைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பதை இயந்திரத்தில் குறித்து ஓடவிட வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் பதினைந்து நிமிடம் ஆகும். ஐந்து பேருக்கு 75 நிமிடம். ஐந்தாமவருக்கு ஊசி போடுகையில் மணி ஏழே முக்காலை நெருங்குகிறது. முதலாமவருக்கு இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிடுகிறது.

அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ரத்த அழுத்தம், நாடி, குழாய்களின் அழுத்தம், எடுத்த நீரின் அளவு ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நான்கு மணிநேரத்தில் ஒருவருக்கு எட்டு முறை. ஐந்து பேருக்கு நாற்பது. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 120 நிமிடம். முடிந்தபின் ரத்தத்தை உடலுக்குத் திருப்பி, ஊசிகளை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப்பிடித்து, மறுபடி எடை பார்த்து, நோயாளி தலைசுற்றாமல் எழுந்து நிற்கிறாரா என்று பார்த்து அனுப்ப இன்னொரு பதினைந்து நிமிடம். ஐந்து பேருக்கு 75. மொத்தம் 270 நிமிடம். ஆறரை மணிக்குத் தொடங்கிய ஷிஃப்டில் ஐந்தாமவர் எழுந்து செல்லும்போது நண்பகல் பன்னிரண்டு. இடைப்பட்டது 330 நிமிடம். மிச்சம் அறுபது நிமிடம்.

அந்த அறுபதில் என்னென்ன அடங்க வேண்டும்? ஒரு நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை சுத்தம் செய்ய வேண்டும் என்பது தொற்றுத் தடுப்பின் முதல் பாடம். தொடக்கம் ஐந்து, குறிப்பு நாற்பது, முடிவு ஐந்து என ஐம்பது தொடுகைகள். நூறு முறை கை சுத்தம். ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம். ஆக மிஞ்சுவது பத்தே நிமிடம். ஒருவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருவது, மற்றொருவருக்குக் கெண்டைக்காலில் தசை இழுத்துப் பிடிப்பது, இன்னொருவர் வாந்தி எடுப்பது, ரத்தசோகைக்கான ஊசி மருந்துகள், மருத்துவருக்குத் தொலைபேசி, காப்பீட்டுக் காகிதங்கள், வாசலில் வந்து நிற்கும் அடுத்த ஷிஃப்டின் ஐந்து பேர், இவை யாவும் அந்தப் பத்து நிமிடத்துக்குள். செவிலியர் தண்ணீர் குடிப்பதும் கழிப்பறைக்குப் போவதும் அதற்குள்தான்.

இந்தக் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளையே எடுத்துக்கொண்டோம். ஒரு ஃபிஸ்டுலாவில் ஊசி ஒரே முயற்சியில் ஏறாமல் போனாலே பத்து நிமிடமும் போய்விடும். ஐந்து என்பதை ஆறாக்கினால் கணக்கே ஓடாது. பின் எப்படி ஓடுகிறது என்று கேட்டால், எதையோ விட்டுவிட்டு ஓடுகிறது என்பதுதான் விடை. எதை விடுவது என்பதைச் செவிலியர் தம் மனசாட்சியுடன் தனியே தீர்மானித்துக்கொள்கிறார்.

*

வேலையின் அளவு ஒரு சிக்கல் என்றால் வேலையின் எல்லை மற்றொரு சிக்கல். டயாலிசிஸ் மையத்தில் செவிலியர் எது வரை, டெக்னீஷியன் எது வரை என்ற கோடு பல இடங்களில் அழிந்தே கிடக்கிறது. செவிலியர் தொழிலுக்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டமும் கவுன்சிலும் உண்டு. டயாலிசிஸ் தொழில்நுட்பம் பயின்றவர்களைத் தேசிய அளவில் ஒரு தொழில்பிரிவாக ஏற்கும் சட்டமோ 2021இல்தான் வந்தது. இடைப்பட்ட பல ஆண்டுகளில் வழக்கமே சட்டமாயிற்று. டெக்னீஷியன் இல்லாத நாளில் இயந்திரத்தைக் கழுவித் தயார்செய்வது செவிலியர் வேலை. செவிலியர் இல்லாத நாளில் மருந்து கொடுப்பது டெக்னீஷியன் வேலை. இருவரும் குறைவாக இருக்கும் நாளில் எல்லாமே எல்லோருடைய வேலை. எல்லோருடைய வேலையாகிப்போன ஒன்று, தவறு நேரும்போது மட்டும் ஒருவருடைய வேலையாக மாறிவிடுகிறது.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் என்ற அளவில் ஓடுகிறது. நான்கு மணிநேரத்தில் 120 லிட்டர். ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் அது ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டு பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த நீரில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்திருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் நீரில் குளோரின் மிச்சமிருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்திட வேண்டியவர் யார்? டயலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. அதன் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தூக்கியெறிய வேண்டும். கிருமிநாசினி எச்சம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஒருவருடையது மற்றொருவருக்குப் போய்விடாமல் பெயரைச் சரிபார்க்க வேண்டும். பார்ப்பவர் யார்? எழுதிவைத்த பொறுப்புப் பட்டியல் உள்ள மையங்களில் இதற்கு விடை உண்டு. மற்ற இடங்களில் விடை, அன்றைக்கு யார் கையில் நேரம் இருக்கிறதோ அவர் என்பதாகும். நேரத்தின் கணக்கை மேலே பார்த்தோம்.

எங்களுடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது, துறையினர் முறைவைத்து அவருடன் ஒரு தனியார் மையத்துக்குப் போய்வந்தோம். ஒருநாள் இரண்டு படுக்கை தள்ளி ஒரு முதியவருக்கு ரத்த அழுத்தம் சரிந்துவிட, இருந்த ஒரே சிஸ்டர் அவரிடம் ஓடினார். அதே நேரம் பேராசிரியரின் இயந்திரம் ஒலிக்கத் தொடங்கியது. அவர் பதற்றமே இல்லாமல் மற்றக் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்தினார். "பாவம், அந்தப் பெண் ஒரே ஆள். எத்தனைக்குத்தான் ஓடுவாள்?" என்றார். எச்சரிக்கை மணியை நோயாளியே நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தார். அதையும் இரக்கத்தால் கற்றுக்கொண்டிருந்தார். அன்று ஒன்றும் ஆகவில்லை. மையத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனெனில் அதை ஒரு மையத்தின் குற்றமாக நாம் கருதவில்லை.

*

பரிமேலழகரின் நான்கு குணங்களுக்குத் திரும்புவோம். அன்பு என்கிறார். ஊசியைக் கண்டு ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்ளும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஊசி போடுவது அன்பு. அதற்கு இரண்டு நிமிடம் வேண்டும். தூய்மை என்கிறார். நூறு முறை கை சுத்தம் செய்வது தூய்மை. அதற்கு ஐம்பது நிமிடம் வேண்டும். கல்லீரல் அழற்சி வைரஸ்கள் டயாலிசிஸ் மையங்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது மருத்துவ உலகம் நன்கறிந்த ஆபத்து என்பதால், இந்த ஐம்பது நிமிடத்தில் கைவைக்க முடியாது. சொன்னபடி செய்வது என்கிறார். அரை மணிக்கொருமுறை என்றால் அரை மணிக்கொருமுறை. நேரமில்லாதபோது ஒரே முறையில் மூன்று கட்டங்களை நிரப்பிவிடும் கை, பொய் சொல்லும் கையாக மாறுவது குணக்கேட்டினால் என்று நாம் நினைக்கவில்லை. அறிவு என்கிறார். இந்த நோயாளி வழக்கத்தைவிட இன்று சற்று அமைதியாக இருக்கிறாரே, வியர்க்கிறதே என்று, கருவி சொல்லும் முன்பே உணர்ந்துகொள்வது அறிவு. அதற்கு ஓர் ஆளைச் சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிய வேண்டும்.

நான்கு குணங்களும் நேரத்தில் வாழ்கின்றன. நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு குணத்தைக் கேட்பது, விதைநெல்லைத் தின்றுவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பது போன்றது. செவிலியர் நாள் வந்துவிட்டால் மெழுகுவத்தி ஏற்றித் தியாகம், சேவை, தாய்மை என்று பேசும் மேடைப்பேச்சுகள் நமக்கு உறுத்துவது இதனால்தான். புகழ்ச்சி என்பது பல நேரங்களில் ஊதியத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் பதிலாகக் கொடுக்கப்படும் செல்லாக்காசு.

சங்க அகப்பாடல்களில் செவிலி பேசுவதெல்லாம் பெரும்பாலும் தலைவியைப் பற்றியே. வளர்த்தவள் தன்னைப் பற்றிச் சொல்வது அரிது. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 44ஆம் பாடலில், உடன்போன மகளைச் சுரத்தில் தேடிச் செல்லும் செவிலி தன் கால்கள் ஓய்ந்ததையும் கண்கள் ஒளியிழந்ததையும் சொல்கிறாள். காலும் கண்ணும்! இன்றைய டயாலிசிஸ் செவிலியரின் கருவிகளும் அவை இரண்டுதான். அவர்கள் அதைச் சொன்னால் நம் சமூகம் எப்படிக் கேட்கிறது? தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு நடத்தி எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடியபோது, நோயாளிகளைத் தவிக்கவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டே முதலில் எழுந்தது. தனியார் மருத்துவமனைகளிலும் நிலைமை சொல்லும்படியாக இல்லாததால்தான் உச்சநீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணையை ஒட்டி ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐம்பது படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. சிறு டயாலிசிஸ் மையங்களில் வேலை செய்யும் செவிலியர் எத்தனை பேர் இந்தப் பரிந்துரையைத் தம் சம்பளச் சீட்டில் கண்டிருப்பார்கள் என்பதை வாசகர்களே விசாரித்து அறியலாம்.

*

நம் வாதத்துக்கு எதிராக வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. இத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்று எண்ணை விதித்தால் செலவு கூடும், சிறு மையங்கள் மூடப்படும், நாற்காலி குறையும், நோயாளி சாவான் என்பது அந்த வாதம். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே வாதம் கேட்டது. அங்கே 2017இல் ஒரு செவிலியருக்கு எட்டு நோயாளிகள், ஒரு டெக்னீஷியனுக்கு மூன்று நோயாளிகள் என்று வரையறுக்க ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. பிறகு டயாலிசிஸ் நிறுவனங்களின் வருவாய்க்கு வரம்பு கட்டவும், மையத்தில் மருத்துவர் இருப்பதைக் கட்டாயமாக்கவும் 2018, 2020, 2022 என மூன்று முறை மக்கள் வாக்கெடுப்புக்குப் போனார்கள்; மூன்றும் தோற்றன. மையங்கள் மூடப்படும் என்ற அச்சம் வாக்காளரிடம் வேலை செய்தது. நோயாளியின் அச்சம் உண்மையானது. அதை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த வாதத்தில் மறைந்திருப்பது ஒரு தேர்வு. டயாலிசிஸ் வரலாற்றில் அந்தத் தேர்வு ஒரு காலத்தில் வெளிப்படையாகவே நடந்தது. 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாகப் பொருத்திவைக்கும் குழாயைக் கண்டறிந்த பிறகுதான் நாள்பட்ட நோயாளிக்கு மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்வது சாத்தியமாயிற்று. இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் என்று தீர்மானிக்க நகரத்தின் சாதாரண மனிதர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். 1962இல் லைஃப் இதழ் அதைப் பற்றி எழுதியதும் நாடே அதிர்ந்தது. யார் வாழ்வது என்று தீர்மானிக்க இவர்கள் யார் என்று கேட்டது. அந்த அதிர்ச்சி நியாயமானது.

இன்று இயந்திரம் இருக்கிறது. பார்க்கும் கண் பற்றாக்குறை. ஒரே சமயத்தில் இரண்டு மணிகள் ஒலிக்கும்போது, யாரிடம் முதலில் ஓடுவது என்பதைத் தீர்மானிப்பவர் இருபத்து நான்கு வயதுச் செவிலியர் ஒருவர். சியாட்டிலில் ஒரு குழு கூடி விவாதித்துச் செய்த தேர்வை அவர் தனியாக, இரண்டு விநாடியில், நாளுக்குப் பலமுறை செய்கிறார். அந்தக் குழுவை எண்ணி அதிர்ந்தவர்கள் இதை எண்ணி அதிர்வதில்லை, ஏனென்றால் இதற்கு யாரும் குழு என்று பெயர் வைக்கவில்லை. தவறான பக்கம் ஓடிவிட்டால் விளக்கம் கேட்டு வரும் கடிதத்தில் அவர் பெயர் இருக்கும். ஐந்து பேருக்கு ஒருவரை நிறுத்திய கையெழுத்து அதில் இருக்காது.

எண்ணை விதித்தால் மையம் மூடப்படும் என்பவர்களுக்கு நம் பதில் இது. எண் இப்போதும் இருக்கிறது. ஐந்தோ ஆறோ எட்டோ, ஏதோ ஓர் எண்ணில்தான் மையம் ஓடுகிறது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதே வேறுபாடு. எழுதப்படாத எண் வளைந்துகொண்டே போகும். எழுதப்பட்ட எண்ணைப் பற்றி மட்டுமே விவாதிக்க முடியும். பொது வார்டுக்கு மூன்று அல்லது ஐந்து நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் நெடுங்காலமாகவே நெறி வகுத்திருக்கிறது. உடலுக்கு வெளியே ரத்தம் ஓடும் நோயாளியைப் பொது வார்டோடு சேர்ப்பதா, தீவிர சிகிச்சையை நெருங்கி வைப்பதா என்று ஒருமுறையாவது பொதுவில் கேட்க வேண்டாமா? அதற்கு ஆகும் செலவு பெரிது என்றால், காப்பீட்டுத் திட்டங்கள் ஓர் அமர்வுக்குத் தரும் தொகையில் செவிலியரின் நேரத்துக்கு என்று ஒரு பகுதியைத் தனியே காட்டலாம். இயந்திரத்துக்குச் சுங்கவரி விலக்கு அளிக்க முடிந்த அரசுக்கு இது இயலாத காரியமல்ல.

நாம் கேட்பவை சிலவே. டயாலிசிஸ் மையத்தின் வாசலில், கட்டண விவரம் எழுதியிருக்கும் பலகையின் பக்கத்தில், இந்த ஷிஃப்டில் நோயாளிகள் இத்தனை, செவிலியர் இத்தனை, டெக்னீஷியன் இத்தனை என்று எழுதட்டும். செவிலியரின் பொறுப்பும் டெக்னீஷியனின் பொறுப்பும் தனித்தனியே தாளில் இருக்கட்டும். தண்ணீர்ச் சோதனையின் கீழ் ஒரு பெயர் இருக்கட்டும். ஒரு ஷிஃப்ட் முடிந்து மற்றொன்று தொடங்குவதற்கு இடையில், இயந்திரத்தைச் சுத்திகரிக்கவும் மனிதர் மூச்சுவிடவும் போதிய இடைவெளி கட்டாயமாகட்டும். தவறு நேர்ந்தால் விசாரணையின் முதல் கேள்வி "யார் செய்தது?" என்பதற்குப் பதிலாக "அப்போது அங்கே எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று இருக்கட்டும். இவற்றில் கடைசியைத் தவிர மற்றவற்றுக்கு ஓரளவு பணம் வேண்டும். கடைசிக்கு எதுவும் வேண்டாம்.

நோயாளிகளின் உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உள்ளே போகும்போது படுக்கைகளை எண்ணுங்கள். பிறகு சிஸ்டர்களை எண்ணுங்கள். ஒன்றை மற்றதால் வகுத்து, வரும் விடையை நிர்வாகத்திடம் சொல்லுங்கள், காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். சிஸ்டரிடம் கோபித்துக்கொள்வதற்குச் செலவழிக்கும் சக்தியில் பாதி போதும். எச்சரிக்கை மணியை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது ஒலித்துக்கொண்டே இருப்பதுதான், அங்கே ஆள் போதவில்லை என்பதற்கு இப்போதைக்கு உள்ள ஒரே சாட்சி.